அடுத்த வீட்டு முகப்பு

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது புக்கிட் மெர்தாஜாம். 2018 பிப்ரவரி 10 அன்று அங்கே ஒரு வீட்டு முகப்பிலிருந்து அடெலினா என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணை மீட்டார்கள். முகம் வீங்கியிருந்தது, கைகால்களில் புண். நாயோடு முகப்பில்தான் படுத்துக்கொள்வார் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். மறுநாளே மருத்துவமனையில் இறந்துபோனார். முதலாளி மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. 2019இல் பினாங்கு உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத்தரப்பின் மேல்முறையீட்டைக் கூட்டரசு நீதிமன்றம் 2022 ஜூனில் தள்ளுபடி செய்தது.

இப்படிச் செய்தி வந்தால் நம் வாயில் முதலில் வருவது, "இதெல்லாம் மனுஷ ஜென்மமா?" கேட்டுவிட்டால் மனசு லேசாகிவிடுகிறது. அரக்கர் ஒரு கூட்டம், நாம் வேறு கூட்டம்.

அந்த நிம்மதி அவ்வளவு சரியானதல்ல. 2002இல் டெல்ராய் பால்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர்கள் தற்பெருமை, சூழ்ச்சி, ஈரமற்ற மனம் மூன்றையும் சேர்த்து 'இருண்ட மும்மை' என்றார்கள். அவர்கள் அளந்தது சிறைக்கைதிகளை அல்ல, கல்லூரி மாணவர்களை. நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்களிடம்தான் கூடவும் குறையவும் இருந்தன இந்தக் குணங்கள்.

2013இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு இதைவிட யோசிக்க வைக்கிறது. ஈரமற்ற மனம் கொண்டவர்கள் என்று மதிப்பிடப்பட்ட குற்றவாளிகளுக்குச் சில படத்துண்டுகளைக் காட்டினார்கள்: ஒரு கை இன்னொரு கையை வருடுகிறது, அடிக்கிறது, தள்ளிவிடுகிறது. பார்த்தவர்களின் மூளையில் மற்றவர்களைவிடக் குறைந்த சலனமே தெரிந்தது. பிறகு, 'அந்தக் கைக்குரியவரின் இடத்தில் உங்களை வைத்து உணர்ந்து பாருங்கள்' என்றார்கள். சலனம் ஏறக்குறைய மற்றவர்களின் அளவுக்கு வந்துவிட்டது. ஈரம் வற்றிப்போகவில்லை, கேட்டால் சுரக்கிறது, கேட்காதவரை சும்மா கிடக்கிறது.

அப்படியானால் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? மலேசியத் தமிழர்களான நம் பாட்டன்மாரில் பலர் இதே பினாங்கில்தான் வந்திறங்கினார்கள். ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம், பிறகு தோட்டம், கங்காணி, துரை. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கடல் தாண்டி வேலைக்கு வந்த பெண்ணைப் பார்த்ததும் பாட்டியின் முகம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் காதில் விழுவது வேறு. "முகம் கொடுத்தா தலைமேல ஏறிக்குவா." "பாஸ்போர்ட்ட கையில குடுத்தா ஓடிருவா." துரையும் நம்மைப் பற்றி ஏறத்தாழ இதைத்தான் சொல்லியிருப்பார். பட்ட துன்பம் தானாக யாருக்கும் இரக்கத்தைக் கற்றுக்கொடுப்பதில்லை; சிலருக்கு அது, வாய்ப்பு வரும்போது எப்படி அதிகாரம் செய்வது என்பதையே கற்றுக்கொடுக்கிறது.

ஜார்ஜ்டவுனில் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலையில் பள்ளிவாசலும் கருணைத் தேவதை குவான் யின்னின் கோயிலும் இருக்கின்றன. மாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே. விருந்தினர் வந்தால் பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். சமையலறைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுப்பவளைக் காட்டுவதில்லை.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. அடெலினாவின் விஷயத்தை வெளியே சொன்னது போலீசோ தூதரகமோ அல்ல, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் போன அக்கம்பக்கத்தார். தாமதமாகத்தான் சொன்னார்கள். அந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கும் வேலை. குணத்தைத் திருத்தக் காலமாகும், வேலி தாண்டி "சாப்பிட்டாயா?" என்று கேட்க அரை நிமிடம் போதும்.

சட்டமும் ஓரளவு கூட வருகிறது. 2022 ஏப்ரலில் இந்தோனேசியாவோடு செய்த ஒப்பந்தப்படி பணிப்பெண்ணுக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,500 ரிங்கிட் தர வேண்டும். அவருடைய கடப்பிதழை நாம் பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். உங்கள் அலமாரியில் ஒன்று இருந்தால், இன்றைக்கே எடுத்து உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.