மூழ்கிய கப்பலும் காணும் உரிமையும்

பிறர் மடிந்த இடம் நமக்கு இன்பக் காட்சியாகலாமா? மனித சமுதாயம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இவ்வினா இன்று நமது கிழக்குக் கடலின் அடியிலிருந்து மீண்டும் எழுகின்றது.

1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மீஸ்’ மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டனர். ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்னும் எண்ணெய் ஏற்றும் நீராவிக் கப்பலும் அதே நாளில் குண்டுபட்டு அமிழ்ந்தது. பாசிக்குடாவுக்கு வடக்கே, ஏறத்தாழ 24 மீற்றர் ஆழத்தில் அது கிடக்கின்றது. காற்றுச் சிலிண்டரை முதுகிற் சுமந்த சுழியோடிகள் இன்று அதனைக் காண இறங்குகின்றனர். ஐம்பது மீற்றருக்குங் கீழே கிடக்கும் ஹேர்மீஸைச் சிறப்புப் பயிற்சி பெற்றோரே அணுகுவர்.

‘போரின் எச்சம் அது, அங்கே கேளிக்கைக்கு இடமில்லை’ என்பர் ஒரு சாரார். ‘வெறும் இரும்பு, மீன்களே குடியேறிவிட்டபின் மனிதனுக்கு மட்டும் ஏன் தடை? படகோட்டும் ஏழைக்கும் நாலு காசு கிடைக்கிறதே’ என்பர் மறுசாரார். பின்னவர் கூற்றில் உண்மை உண்டு. உடைந்த இரும்பில் பவளம் படர்கின்றது. கலவாய் மீன் அதன் நிழலில் வாழ்கின்றது. ஆனால் மீனுக்கு வரலாறு இல்லை. ஆதலால் அதன் மறதி குற்றமன்று. மனிதனின் மறதியை அவ்வாறு மன்னித்துவிட முடியுமா?

நீருக்கடியில் தன்னுரிமையோடு மூச்சுவிடும் கருவியை ஜாக் குஸ்தோவும் எமில் கன்யானும் 1943 இல் உருவாக்கினர். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. விரைந்து மேலேறினால் குருதியிற் கரைந்த நைதரசன் குமிழாகி உயிரையே பறிக்கலாம். ஆகவே சுழியோடி தன் உயிருக்காக ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணுகின்றான். அந்தக் கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் அக்கப்பல்களில் உழைத்த உயிர்களுக்கு அவன் அளித்தல் வேண்டும்.

அவ்வுயிர்கள் யாருடையவை? அப்போர்க்காலத்துப் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மாலுமிகள் இந்தியத் துணைக்கண்டத்தவர். ஒரே கடலில், ஒரே குண்டுவீச்சின் கீழ் உழைத்தும் வெள்ளை மாலுமியைவிட மிகக் குறைந்த ஊதியமே பெற்றவர்கள். 1939 இல் போர் தொடங்கியதும் அவர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பலர் சிறை சென்றனர். கப்பலின் பெயரை அறிந்தவர் பலர். அதன் இயந்திர அறையில் வெந்தவரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

கடல் காணாத மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலயில் இருந்துகொண்டு இதைக் கேட்பானேன் என்று ஒருவர் வினவலாம். காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், கோப்பித் தோட்டங்களை நோக்கி வடபாதைக் காடுகளினூடே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலர் பலியாயினர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அவர்கள் நடந்த நிலத்தின் மீது உல்லாசப் பயணிகளின் வாகனங்கள் இன்று விரைகின்றன. வழிமறிக்க நாம் விரும்பவில்லை. மறவாதீர் என்றே கேட்கின்றோம்.

கடலுக்கும் அதுவே நியாயம். 2001 இல் யுனெஸ்கோ ஏற்ற உடன்படிக்கை, நீரடி மரபுச் செல்வத்தைக் கிடந்த இடத்திலேயே காப்பதை முதல் வழியாகக் கொள்கின்றது. வணிகச் சுரண்டலைத் தடுக்கின்றது. பொறுப்புடன் காண்பதை வரவேற்கின்றது. ஆனால் நூறாண்டு நீருள் கிடந்தவையே அதன் எல்லைக்குள் வரும். 1942 இல் மூழ்கியவை 2042 வரை காத்திருக்க வேண்டும். மனச்சாட்சியும் அதுவரை காத்திருக்க வேண்டுமா?

காண்பது குற்றமன்று, கவர்வது குற்றம். கேள்வியின்றிக் காண்பதோ அதற்கு அடுத்த குற்றம். ஆழத்திலிருந்து ஒரு திருகாணியையும் எடுத்துவர வேண்டாம். யார் உழைத்தார், யாருக்காக மடிந்தார் என்னும் வினாவை மட்டும் எடுத்துவந்து, நமது வகுப்பறைகளில் வைப்போம்.