விடுமுறையில் இருந்த குரு

"சாமி, விடுமுறைக்கு எங்கே போயிருந்தீர்கள்?" என்று பங்கு மக்கள் கேட்கும்போது, வேளாங்கண்ணி என்றோ, தியானம் என்றோ, உறவினர் வீட்டுத் திருமணம் என்றோ சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிறைவாக இருக்கும். "சென்னைக்குப் போய் ஐந்து நாள் தனியாக ஊர் சுற்றிவிட்டு வந்தேன்" என்று நான் சொன்னபோது எங்கள் உபதேசியார் சற்று நேரம் பேசாமல் என்னைப் பார்த்தார். "மருத்துவப் பரிசோதனை ஏதாவதா, சாமி?" என்றார் தணிந்த குரலில். இல்லை என்றேன். "கோவில் கட்டட வசூலா?" அதுவும் இல்லை. காரியம் ஏதுமின்றி, துணை எவருமின்றி, கத்திரி வெயிலில் ஒரு மனிதன் பட்டணத்துத் தெருக்களில் நடந்து திரிந்தான் என்பது அவர் மனத்தில் பொருந்தவேயில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது தகுந்த செயல்தானா என்ற ஐயம் அந்த ஐந்து நாளும் என்னிடமும் இருந்தது. அந்த ஐயத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

'ஊர் சுற்றுகிறவன்' என்பது நம் மொழியில் வசைச்சொல். 'சும்மா இருத்தலை' உயர்ந்த ஞானநிலையாகப் போற்றியவர்கள் தமிழ் நாட்டுத் துறவியர். ஆயினும் 'சும்மா திரிதலை' எவரும் போற்றியதாக நினைவில்லை. ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழில் கடைசியாக நிற்பது சோம்பல். உழைக்காதவன் பாவி என்றே அதை நாம் விளங்கிக்கொண்டோம். குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸைப் படித்தபோதுதான் அந்த விளக்கம் எவ்வளவு குறுகியது என்று தெரிந்தது. அவருடைய கருத்தில் சோம்பல் என்பது வேலையின்மை அன்று. இறைவன் அளிக்கும் நன்மையைக் கண்டு மகிழாமல் மனம் துயருறுவதே சோம்பல். ஆகவே, ஓய்வு நாளைத் தூயதாகக் கடைப்பிடிக்கச் சொல்லும் கட்டளைக்கே அது எதிரானது என்று அவர் தீர்க்கிறார். ஓயாமல் உழைப்பவனும், ஓய்ந்திருக்கத் தெரியாத காரணத்தால், சோம்பலுக்கு அடிமையாக இருக்கக்கூடும். போரில் இடிந்த ஜெர்மனி மறுகட்டுமானத்தில் மூழ்கியிருந்த 1948ஆம் ஆண்டில் யோசேப் பீப்பர் என்னும் கத்தோலிக்கச் சிந்தனையாளர் ஓய்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கட்டியெழுப்புவதும் அக்குவினாஸ் இட்ட இந்த அடித்தளத்தின் மீதுதான். பள்ளியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பலவும் ஓய்வு எனப் பொருள்படும் 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை என்பதை நம் மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த நியாயங்களையெல்லாம் பையில் கட்டிக்கொண்டுதான் நான் இரயில் ஏறினேன். உண்மைக் காரணம் வேறு. மே மாதம் பள்ளிச் சேர்க்கைக் காலம். பங்கு இல்லத்திலிருந்து அஞ்சலகத்துக்கு நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒருவருக்குச் சிபாரிசுக் கடிதம், ஒருவருக்கு ஞானஸ்நானச் சான்றிதழ், வேறொருவருக்கு அண்ணன் தம்பி வரப்புத் தகராறு. யாரும் என்னைக் கூப்பிடாத ஊர் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

மயிலாப்பூரில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கினேன். அதிகாலைத் திருப்பலி முடிந்ததும் அங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, சாதாரணச் சட்டையுடன் வெளியே இறங்கிவிடுவேன். முதல் நாள் லஸ் பகுதியிலுள்ள பிரகாச மாதா ஆலயத்துக்குப் போனேன். 1516இல் எழுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தச் சிறிய ஆலயத்தை முதியவர்கள் இன்றும் காட்டுக் கோவில் என்கிறார்கள். காட்டைக் காணோம், பெயர் மட்டும் நிற்கிறது. அங்கிருந்து சாந்தோம் பேராலயம், பின்பு கடற்கரை. வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் அருகில் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவருடைய வீட்டில் ஞாயிறு திருப்பலிக்கு யார் வரவில்லை என்று யோசிக்கத் தேவையில்லாமல் இருந்தது. அவருடைய விரல்களை மட்டும் பார்த்தேன். மனிதரை அவருடைய குறையோடும் கோரிக்கையோடும் சேர்த்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு விருந்து.

இரண்டாம் நாள் தியாகராய நகர். ரங்கநாதன் தெருவின் நெரிசலில் எவனும் தனியாக நடப்பதில்லை, கூட்டம் அவனை நடத்துகிறது. வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு துணிக்கடையில், நின்றுகொண்டே புடவைகளை விரித்துக் காட்டும் பெண்களைக் கண்டேன். கடைகளில் பணிபுரிவோர் அமர்வதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் நம் மாநிலத்தில் சட்டம் திருத்தப்பட்டது. அண்டை மாநிலமான கேரளம் 2018இலேயே அதைச் செய்துவிட்டது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்படுகிற உலகில் நான் ஐந்து நாள் ஓய்வை அனுபவித்துக்கொண்டிருந்தேன். விடுதலைப் பயண நூல், ஆண்டவர் படைப்பை முடித்து ஓய்ந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு என்கிறது. இணைச்சட்ட நூல் அதே கட்டளைக்கு வேறொரு காரணம் சொல்கிறது: உன் அடிமையும் பணிப்பெண்ணும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன். முதற் காரணத்தை வைத்து நான் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். இரண்டாவதை எத்தனை முறை சொன்னேன் என்று அந்தக் கடையில் நின்று எண்ணிப் பார்த்தேன். நீண்ட கணக்காக இல்லை.

மூன்றாம் நாள் அர்மீனியன் தெரு. 1772இல் கட்டப்பட்ட அர்மீனியர் ஆலயத்தின் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வருவதற்குப் பங்கு மக்கள்தாம் இன்று இல்லை. முற்றத்தில் கல்லறைகளின் மீதே நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் குருவானவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகின் முதல் அர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' இதழை 1794இல் சென்னையிலிருந்து வெளியிட்டவர் அவர். இதழ் ஒன்றில் எழுதுகிறவன் என்பதால் அவரிடம் எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது. தன் மொழி பேசுவோர் ஒரு கைப்பிடியளவே இருந்த அந்நிய நகரில் அவரும் மாலை வேளைகளில் தனியாக நடந்திருப்பார் என்று நானாகவே கற்பனை செய்துகொண்டேன். மனம் லேசாக இருந்தது. அந்த லேசான மனத்தோடு பாரிமுனையிலிருந்து பூக்கடை வழியாகச் சென்ட்ரலை நோக்கி நடந்தேன்.

பிற்பகல் இரண்டு மணி இருக்கும். அரசு மருத்துவமனை இருக்கும் பக்கத்து நடைபாதையில் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். கையில் ஒயர் கூடை. மறுகையில் நான்காக மடித்த ஒரு சீட்டு. முகம் வெயிலிலும் அழுகையிலும் கறுத்திருந்தது. "ஐயா, இந்தச் சீட்டைப் பாத்து, எங்க போகணும்னு சொல்லுங்கய்யா" என்று நீட்டினார்.

"எனக்கு இந்த ஊர் இல்லையம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்குப் பின்னால் வந்தவரிடம் திரும்பினார் என்பது குரலால் தெரிந்தது. நான் சாலையைக் கடந்து, ஒரு கடையில் மோர் வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் திரும்பிப் போனேன். அவர் அங்கே இல்லை.

நான் சொன்னது பொய்யா? எனக்கு அந்த ஊர் இல்லை என்பது முற்றிலும் உண்மை. குருமடத்து அறநெறி இறையியல் வகுப்பில் 'மன ஒதுக்கீடு' என்ற ஒரு பாடம் உண்டு. வாயால் ஒன்றைச் சொல்லி, மீதியை மனத்துக்குள் முடித்துக்கொண்டு, பொய் சொல்லவில்லை என்று தப்புகிற கலை அது. அதன் தாராளமான வடிவங்களைத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679இல் கண்டனம் செய்தார். தேர்வில் அந்த ஆண்டைச் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அவர் கேட்டது ஊரைப் பற்றியல்ல. தாளில் உள்ளதைப் படிக்கச் சொன்னார். எனக்குப் படிக்கத் தெரியும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்று மாலை முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டேன். அவசரம் இருந்தது என்று சொல்ல வழியில்லை. நேரம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அன்று என்னிடம் இல்லை. வேலையாகப் போகிறவன் நிற்காமல் போனால் அவனுக்குச் சொல்ல ஒரு சாக்காவது இருக்கும். ஓய்வில் இருப்பவனுக்கு அதுவும் கிடையாது. புனித அகுஸ்தினார் தம் அறிக்கை நூலின் பத்தாம் பகுதியில் கண்களின் ஆவலைப் பற்றிப் பேசும்போது, பல்லி ஈயைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு தாம் உட்கார்ந்துவிடுவதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். அத்தனை பெரிய மேதை இவ்வளவு சிறிய விஷயத்துக்கு வருந்துவானேன் என்று இளமையில் நினைத்ததுண்டு. பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் பார்க்கப்படுவது தன்னைத் திரும்பிப் பார்த்து ஏதும் கேட்டுவிடாது என்ற உறுதியோடு பார்ப்பதில் ஒரு சுவை இருக்கிறது. மூன்று நாளாக நான் சுவைத்தது அதைத்தான். வலை பிரித்த பெரியவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதால் அவர் எனக்கு விருந்தானார். சீட்டை நீட்டிய பெண் காட்சிக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டிவிட்டார்.

அங்கி அணிந்திருந்தால் நின்றிருப்பேன். அதில் எனக்கு ஐயமேயில்லை. சீட்டைப் படித்து, உள்ளே அழைத்துச் சென்று, உரிய இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்திருப்பேன். என்னை உறுத்தியது அதுவே. அப்படியானால் முப்பது ஆண்டுகளாக ஊரில் நின்று கேட்பது நானா, அந்த வெள்ளை அங்கியா?

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் குருவுக்காக நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். அடிபட்டுக் கிடந்தவன் இறந்துவிட்டானோ என்று நினைத்திருப்பார். பிணத்தைத் தொட்டால் தீட்டு, கோவில் பணி செய்ய இயலாது. சட்டம் அவரைத் தடுத்தது என்று மக்களுக்கு விளக்கியிருக்கிறேன். அன்றிரவு அந்தப் பகுதியை மீண்டும் படித்தேன். குரு அவ்வழியே 'இறங்கி' வந்தார் என்றுதான் மூல மொழியில் இருக்கிறது. எருசலேம் மேட்டில் இருக்கிறது; எரிகோ பள்ளத்தில். கோவிலுக்குப் போகிறவர் ஏற வேண்டும். இவரோ இறங்குகிறார். யூதக் குருக்கள் இருபத்து நான்கு பிரிவுகளாக முறைவைத்துப் பணி செய்தார்கள். முறை முடிந்தவர்கள் வீடு திரும்புவார்கள். எரிகோவில் குருக்கள் பலர் வாழ்ந்ததாக யூத மரபு கூறுகிறது. பெரும்பாலும் அவர் பணி முடித்துப் போய்க்கொண்டிருந்தவர். தீட்டைப் பற்றி அவருக்கு அப்போது பெரிதாக என்ன கவலை இருந்திருக்க முடியும்? அவர் விடுமுறையில் இருந்தார். விவிலிய அறிஞர்கள் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, அந்த இரவில் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை வேறொரு பங்கின் ஆலயத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்காக மக்களோடு வரிசையில் நின்றேன். நான் குரு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முந்திய நாள் பொய்யின் இரண்டாம் பதிப்பு அது என்பதை நல்ல வேளையாக உணர்ந்தேன். சொன்னேன். உள்ளே இருந்தவர் குரலை வைத்துப் பார்த்தால் இளையவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள் விடுமுறை இருக்கிறது?" என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன். உடனே ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, "அந்த இரண்டு நாளையும் குறைக்காமல் நடந்து முடித்துவிட்டுப் போங்கள். அதுதான் அபராதம்" என்றார்.

நடந்தேன். அன்று பிற்பகல் அதே இரண்டு மணிக்கு அதே நடைபாதையில் போய் நின்றேன். நின்றால் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். ஒருவர் பறக்கும் இரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டார், எனக்குத் தெரிந்திருந்தது. ஓர் இளைஞர், தந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண் மருத்துவமனைக்கு எந்தப் பேருந்து என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. மூவருமாகப் போய் இளநீர்க்காரரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். இளநீர்க்காரர் அவர்களை அனுப்பிவிட்டு, "உங்களுக்கு எங்க சார் போகணும்?" என்றார். எங்கும் இல்லை என்றேன். நிழலில் ஒதுங்கி நிற்கச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். ஒயர் கூடையோடு பல பெண்கள் வந்தார்கள், போனார்கள். அவர் வரவில்லை. அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.