காலம் யாருக்குச் சொந்தம்?

கொங்கணக் கடற்கரைக் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்த பெனே இஸ்ரவேலர் என்னும் யூதர்களை அண்டை அயலார் 'சனிவார் தேலி' என்று அழைத்தனர். சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்பது அதன் பொருள். செக்காட்டுவது அவர்களது தொழில். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. எபிரேய மொழியையும் சாஸ்திரங்களின் பெரும்பகுதியையும் காலப்போக்கில் மறந்துபோன அம்மக்கள் மறவாது காத்த சிலவற்றுள் இந்த நாளும் ஒன்று. ஒரு சமூகம் வேலை செய்யாத நாளே அதன் பெயராக ஆனது சிந்தனைக்குரியது.

எபிரேயத்தில் வார நாட்களுக்குத் தனிப்பெயர் இல்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிக்கொண்டே சென்று, ஏழாவதை மட்டும் 'சபாத்' என்பர். நம் கிழமைகள் கிரகங்களின் பெயர்களைத் தாங்கி வானத்தை நோக்குகின்றன. அவர்களுடைய ஆறு நாட்களோ ஓய்வு நாளை நோக்கி நடக்கின்றன. எகிப்தில் தாங்களும் அடிமைகளாய் இருந்ததை மறவாதிருக்கவே அந்த ஓய்வு என்கிறது உபாகமம். எனவே பணியாளும், அந்நியனும், மாடும், கழுதையுங்கூட அன்று ஓய வேண்டும். கொங்கணத்துச் செக்குமாடு வாரத்தில் ஒரு நாள் சுற்றாமல் நின்றதன் வேர் அங்கே இருக்கிறது.

மாதத்தின் கதையும் அடிமைத்தனத்தில்தான் தொடங்குகிறது. எகிப்தை விட்டுப் புறப்படும் முன்பே, ஒரு மக்களினமாக இஸ்ரவேலர் பெற்ற முதற்கட்டளை, மாதங்களைத் தாங்களே நிர்ணயிக்க வேண்டும் என்பது. அடிமையின் நேரம் எஜமானனுக்குரியது. இனி உங்கள் நாட்கள் உங்களுடையவை என்பதே அக்கட்டளையின் உட்பொருள் என உரையாசிரியர்கள் விளக்குவர். விடுதலை கிடைத்த நிசான் மாதம் வசந்தத்தை விட்டு நழுவலாகாது. சந்திர ஆண்டோ சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டுகின்றனர். நம் நாட்டுப் பஞ்சாங்கங்களின் அதிக மாதத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இக்கணிதம் நிலைபெறுவதற்கு முன், பிறையைக் கண்ட சாட்சிகள் நியாய சபையின்முன் வந்து உரைப்பர். சபை மாதப்பிறப்பை அறிவிக்கும். சபை தவறிவிட்டால் என்ன செய்வது?

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின், யாவ்னே என்னும் ஊரில் கூடிய சபைக்குக் கமாலியேல் தலைவராக இருந்தார். ஒருமுறை இரு சாட்சிகள் பிறையைக் கண்டதாகக் கூறினர். மறுநாள் இரவோ பிறை தென்படவில்லை. ஆயினும் கமாலியேல் சாட்சியத்தை ஏற்றார். அது பொய்ச்சாட்சி என்றார் தோசா என்னும் அறிஞர். யோசுவா என்னும் பேரறிஞரும் அதை ஒப்பினார். மாதப்பிறப்பு மாறினால், ஆண்டின் மிகப் புனித உபவாச நாளான யோம் கிப்பூரும் மாறும். கமாலியேல் கடுமையான ஆணை ஒன்றைப் பிறப்பித்தார்: யோசுவாவின் கணக்குப்படி எந்த நாள் யோம் கிப்பூரோ, அந்த நாளில் அவர் கைத்தடியும் பணமும் எடுத்துக்கொண்டு தம்மிடம் வரவேண்டும். அந்நாளில் பணத்தைத் தொடுவதும் பயணம் செய்வதும் விலக்கப்பட்டவை.

யோசுவா மனம் நொந்திருந்தார். பண்டிகைகளை அறிவிக்கும் பொறுப்பை வேதம் மனிதரிடமே ஒப்படைத்திருக்கிறது, உரிய காலத்தில் ஆனாலும் இல்லாவிட்டாலும் சபை அறிவித்ததே பண்டிகை என்று அகிவா அவரைத் தேற்றினார். இந்தச் சபையைச் சந்தேகித்தால் மோசே காலம் முதல் எழுந்த எல்லாச் சபைகளையும் சந்தேகிக்க நேரும் என்றார், முதலில் மறுத்த அதே தோசா. யோசுவா தடியும் பணமுமாக யாவ்னேக்குச் சென்றார். கமாலியேல் எழுந்து அவரது தலையில் முத்தமிட்டு, ஞானத்தில் தமக்கு ஆசான் என்றும், ஆணையை ஏற்றதால் தமக்குச் சீடர் என்றும் கூறி வரவேற்றார் என்கிறது மிஷ்னா.

தத்துவம் பயின்ற நாட்களில் இதைப் படித்தபோது நான் முழுக்க யோசுவாவின் பக்கம் இருந்தேன். நிலவு சபையைக் கேட்டா உதிக்கிறது? பின்னர் ஒரே மணியோசைக்குப் பலரோடு எழுந்து, பலரோடு அமரும் வாழ்வில், அகிவாவின் சொல் மெல்லப் புரிந்தது. நாடிழந்து சிதறவிருந்த ஒரு மக்களினம் இருவேறு நாட்களில் உபவாசம் இருந்திருந்தால், ஒரு தலைமுறைக்குள் இருவேறு சமயங்களாகியிருக்கும். யோசுவா விட்டுக்கொடுத்தது தமது கணக்கையன்று. அதன்படி தனியே நடக்கும் உரிமையை. ஆயினும் கமாலியேல் அதைக் கேட்டுப் பெற்ற விதம் இன்றும் எனக்கு உவப்பாயில்லை. கருத்து வேறுபாட்டை நிறுத்துவது வேறு, வேறுபட்டவரைச் சிறுமைப்படுத்துவது வேறு.

அம்மரபும் அதை மறக்கவில்லை. பிறிதொரு வாதத்தில் அவர் யோசுவாவை மீண்டும் அவமதித்தபோது, பிறை விஷயத்தையும் நினைவுகூர்ந்து, சபையினர் கமாலியேலைத் தலைமையிலிருந்து நீக்கினர் என்கிறது தல்மூத். பின்னர் அவர் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டிற்குச் சென்றார். உள்ளே சுவர்கள் கரியேறிக் கறுத்திருந்தன. அந்தப் பேரறிஞர் கரி வேலை செய்து பிழைப்பவர் என்பது, அன்றுதான் கமாலியேலுக்குத் தெரிந்தது.