இரு தெனாரியமும் ஒரு நாள் உழைப்பும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குக் கடற்கரையில் முப்பது பேர் அளவிலான ஓர் இளைஞர் கூட்டம் தத்தம் மிதிவண்டியின் பின்சக்கரத்தை அட்லாண்டிக் பெருங்கடலில் நனைத்துவிட்டு மேற்கு நோக்கிப் புறப்படும். ஏறத்தாழப் பத்து வாரங்கள் கழித்து முன்சக்கரத்தைப் பசிபிக் பெருங்கடலில் நனைத்துப் பயணத்தை நிறைவு செய்யும். பிராவிடன்ஸ் நகரிலிருந்து சியாட்டில் வரை ஒரு வழி. சார்ல்ஸ்டனிலிருந்து சாண்டா குரூஸ் வரை மற்றொரு வழி. எவ்வழியாயினும் தொலைவு 6,000 கிலோமீட்டர் அளவில் இருக்கும். இரவில் கோவில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தரையில் படுத்துறங்குவர். சில நாள்களுக்கு ஒருமுறை மிதிவண்டியை ஓரமாய்ச் சாய்த்து வைத்துவிட்டு, அவ்வூரில் ஏழைக் குடும்பம் ஒன்றிற்கு எழும்பிக்கொண்டிருக்கும் வீட்டில் சுத்தியலும் தூரிகையும் பிடிப்பர். யேல் பல்கலைக்கழக மாணவர்கள் 1990-களிலேயே இத்தகைய பயணம் மேற்கொண்டனர். 2003 முதல் பல கோடைகளில் ‘பைக் அண்ட் பில்ட்’ என்னும் அமைப்பும், 2008 முதல் ஃபுல்லர் வீடமைப்பு மையமும் இதனை நடத்தின. பயணிகள் ஒவ்வொருவரும் உறவினரிடமும் நண்பரிடமும் நிதி திரட்டி, அதனை வீடமைப்புப் பணிக்கு அளிப்பர்.

இதனைக் கேள்வியுறும் எவர்க்கும் எழக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. வீடு கட்டுவதற்கு ஏன் மிதிவண்டி மிதிக்க வேண்டும்? உணவுக்கும் உடன்வரும் வண்டியின் எரிபொருளுக்கும் ஆகும் செலவையும் சேர்த்து அவ்வூர்க் கொத்தனார்க்கும் தச்சர்க்கும் கூலியாகக் கொடுத்தால், வீடு விரைவில் எழும்புமே! சுத்தியல் பிடித்தறியாத முப்பது பேர்க்கு ஒரு நாள் முழுதும் வேலை கற்பித்து, மறுநாள் அவர்களை வழியனுப்பிவிட்டு, அடுத்து வரும் கூட்டத்திற்கு மீண்டும் முதலிலிருந்து கற்பிக்கும் மேற்பார்வையாளரின் பொறுமையை எண்ணிப் பார்க்கிறோம். இங்கே உதவி பெறுவோர் யார்? வீடற்ற குடும்பமா, அல்லது நினைவில் வைத்துப் போற்றத்தக்க ஒரு கோடையைத் தேடிய இளைஞரா?

இவ்வினா நமக்கு அயலானது அன்று. ‘ஹாபிடேட் ஃபார் ஹியூமானிட்டி’ என்னும் வீடமைப்பு இயக்கம் 1983-இல் ஆந்திரத்துக் கம்மத்தில் தன் இந்தியப் பணியைத் தொடங்கியது. 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரை ஊர்களுக்கு எத்தனை திசைகளிலிருந்து எத்தனை கைகள் வந்தன என்பதை வாசகர்கள் அறிவர். வந்த கைகளைப் பற்றி நன்றியோடு பேசும் நாம், அக்கைகளை வரவேற்றவர்களைப் பற்றிப் பேசியது குறைவே.

இவ்வையத்தை மிகக் கடுமையாக எழுப்பியவர் ஒரு குருவானவர். இவான் இல்லிச் 1968 ஏப்ரலில், மெக்சிகோவின் குவெர்னவாகாவில், கோடை விடுமுறையில் ஏழை மக்களுக்குத் தொண்டாற்ற வந்திருந்த அமெரிக்க மாணவர்களின் முன் உரையாற்றினார். வாழ்த்துரை கேட்கக் காத்திருந்தவர்களிடம், திரும்பிப் போய்விடுங்கள் என்றார். உங்கள் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. அந்த நல்லெண்ணமே தீங்கு செய்கிறது என்பது அவர் வாதம். மொழி தெரியாத ஊரில், தன்னை எவரும் அழைக்காதபோது போய் நிற்பவன், தான் இழைக்கும் தவற்றைக் கூட அறிய வழியில்லாதவன். அவ்வூரார் அவனைத் திட்டினாலும் அவனுக்குப் புரியாது. உங்கள் நாட்டின் ஏழைகளிடம் போங்கள். அவர்களாவது உங்களை விரட்டும்போது உங்களுக்கு விளங்கும் வகையில் விரட்டுவர் என்றார். மெக்சிகோவைக் காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்று முடித்தார்.

இவ்வுரை அளவு கடந்தது என்பார் உளர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைத் தட்டிக் கேட்க இயலாதவனுக்கு உதவி செய்வதில் எப்போதும் ஓர் இடர் உண்டு. அவன் நன்றி சொல்வான், நாம் அதனை உண்மை என்று நம்பிவிடுவோம். மிதிவண்டிப் பயணிகளைப் பொறுத்தவரை இல்லிச்சின் முதல் நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. அவர்கள் தம் சொந்த நாட்டில், தம் சொந்த மொழி பேசும் ஏழைகளிடம் போகின்றனர். ஆயினும் தங்குவது ஒரு நாள், மிஞ்சினால் இரு நாள். ஒரே நாளில் வந்து போகிறவனை எவர் நின்று திட்டுவார்?

இவ்விடத்தில் நற்சமாரியர் உவமையை மீண்டும் ஒருமுறை நிதானமாய்ப் படித்துப் பார்க்கலாம். நாம் அவ்வுவமையில் எண்ணெயையும் திராட்சை இரசத்தையும் கவனிக்கிறோம், கழுதையையும் கவனிக்கிறோம். அந்தச் சமாரியர் ஒரே ஓர் இரவு மட்டும் தங்கினார் என்பதை எத்தனை மறையுரைகள் எடுத்துச் சொல்லியிருக்கும்? மறுநாள் அவர் தம் வழியே போய்விட்டார். காயமுற்றவன் எழுந்து நடமாடும் வரை பார்த்துக்கொண்டவர் பெயரில்லாத விடுதிக்காரர். சமாரியர் அவரிடம் இரு தெனாரியத்தைக் கொடுத்தார். மேற்செலவு ஆனால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் சொன்னார். ஆகவே, ஒரு நாள் உதவி என்பது தன்னளவில் குறையுடையதன்று. ஆனால் அதற்கு இரண்டு தேவை. வந்தவர் போன பின்னும் அங்கேயே இருக்கிற ஒரு விடுதிக்காரர் வேண்டும். போகிறவர் திரும்பி வந்து கணக்குத் தீர்க்க மனமுடையவராய் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல், எண்ணெய் வார்த்தது வழிப்போக்கனின் மன ஆறுதலுக்காகவே ஆகிவிடும்.

அமெரிக்க வீடமைப்பு இயக்கத்தில் விடுதிக்காரர் யார்? அவ்வூர்க் கிளையினரும், வீட்டைப் பெறும் குடும்பமுமே. இதன் வேர் ஜார்ஜியா மாநிலத்தின் கொய்னோனியாப் பண்ணையில் உள்ளது. வேளாண்மையில் பட்டமும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் முனைவர் பட்டமும் பெற்ற கிளாரன்ஸ் ஜோர்டன் என்பவர் 1942-இல் அதனை நிறுவினார். கருப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டனர் என்பதற்காக 1950-களில் அப்பண்ணை துப்பாக்கிச் சூட்டுக்கும் வணிகப் புறக்கணிப்புக்கும் ஆளாயிற்று. முப்பது வயதுக்குள் செல்வந்தராகி, பின்னர் அச்செல்வத்தைத் துறந்த மில்லார்ட் ஃபுல்லர் 1965-இல் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் 1968-இல் வகுத்த திட்டம் எளியது. வீடு இலவசமன்று. இலாபமும் வட்டியும் இன்றி அதன் விலையைக் குடும்பம் தவணையில் செலுத்தும். அத்தவணை அடுத்த வீட்டிற்கு முதலாகும். ஏழையிடம் வட்டி வாங்காதே என்னும் விடுதலைப் பயண நூலின் கட்டளையை ஃபுல்லர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். மேலும், வீட்டைப் பெறுகிறவர் தம் வீட்டிலும் பிறர் வீடுகளிலும் சில நூறு மணி நேரம் உழைத்தாக வேண்டும். 1976-இல் ஃபுல்லரும் அவர் துணைவியார் லிண்டாவும் இத்திட்டத்தை ‘ஹாபிடேட்’ ஆக விரித்தனர்.

இதனால் மிதிவண்டியில் வந்திறங்கும் மாணவன் ஓர் இரப்பாளரின் வீட்டிற்கு வருவதில்லை. தன்னைக் காட்டிலும் அவ்வேலையை நன்கறிந்த, நூறு மணி நேரம் ஏற்கெனவே அங்கு வியர்வை சிந்திய ஒரு தாயின் கீழ் வேலை செய்ய வருகிறான். பலகையைத் தவறாக அடித்தால் அவர் பிடுங்கி மறுபடி அடிக்கச் சொல்வார். இல்லிச் கேட்டது இதைத்தான் என்று நமக்குப் படுகிறது.

கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில் நகரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவர் முகாம் ஒன்று வந்தது. மூன்று நாள் தங்கிக் குடிசைகளுக்குக் கூரை வேய்வது திட்டம். கீற்றை எப்பக்கம் மேலாக வைப்பது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பகலில் அவர்கள் கட்டியதை இரவில் ஊர்க்காரர் இருவர் ஏணி வைத்து ஏறி அவிழ்த்து மறுபடி கட்டினர். பிள்ளைகளின் மனம் நோகுமே என்று காலையில் வாய் திறக்கவில்லை. மீன் விற்றுப் பிழைத்த மூதாட்டி ஒருவர், தம் குடிசைக்கு வந்த எட்டுப் பேர்க்கும் வஞ்சிர மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டார். அன்றைய வஞ்சிரத்தின் விலை நமக்குத் தெரியும்.

“எதுக்குப் பாட்டி இவ்வளவு செலவு?” என்றாள் ஒரு மாணவி.

“வேலைக்கு வந்த புள்ளைங்கள வெறும் வயித்தோட அனுப்புனா ஊரு என்னம்மா சொல்லும்?” என்றார் அவர்.

அம்முகாமில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று கணக்கெழுதினால் ஏடு புரண்டுவிடும். அம்மாணவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாமலே போயிற்று என்பதுதான் நம் குறை; அவர்கள் சான்றிதழ் பெற்றுக்கொண்டு மகிழ்ச்சியோடு பேருந்து ஏறினர்.

மகிழ்ச்சி என்றதும் வேறொரு கேள்வி வருகிறது. மலைச்சரிவில் காற்று முகத்தில் அறைய இறங்குவதும், நண்பர் குழாத்தோடு பாடிக்கொண்டே போவதும், புதிய ஊர்களைக் காண்பதும் இன்பம். இன்பம் கலந்த அறம் அறமாகுமா? மெய்யியலார் காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில், தன் துயரால் மனம் இருண்டு, பிறர்மீது இரக்கம் சுரக்காத நிலையிலும், கடமை என்பதற்காகவே உதவுகிறவனின் செயலில்தான் அறத்தின் மதிப்பு துலங்குகிறது என்று வாதிட்டார். அரிஸ்டாட்டில் இதற்கு நேர்மாறு: நற்செயலில் மகிழாதவன் நல்லவனே அல்லன் என்பார். புனித தோமா அக்குவினாரும் மகிழ்ச்சியை அன்பின் கனியாகவே வைத்தார். குருமடத்தில் இவ்விரு தரப்பையும் படித்த நாளிலிருந்து நாம் தோமாவின் பக்கமே நிற்கிறோம். முகஞ்சுளித்துக் கொடுக்கப்பட்ட சோற்றை உண்டவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

எனினும் எதில் மகிழ்ச்சி என்று கேட்டாக வேண்டும். பயன்படுத்துவதற்கும் துய்ப்பதற்கும் இடையே புனித அகுஸ்தினார் வகுத்த வேறுபாடு இங்கே உதவும். வீடு எழும்புவதில் மகிழ்வது ஒன்று. வீடு எழும்பும் இடத்தில் நான் நின்றேன் என்பதில் மகிழ்வது மற்றொன்று. இரண்டாவதில் அக்குடும்பம் என் நிழற்படத்தின் பின்புலமாகச் சுருங்கிவிடுகிறது. இளைஞரிடம் இவ்விரண்டும் கலந்தே இருக்கும், பெரியவர்களிடமும் அப்படித்தான். கோவில் திருப்பணிக்கு மின்விசிறி கொடுத்து, அதன் இறக்கையில் தம் பெயரை எழுதச் சொன்னவரை நாம் அறிவோம். விசிறி சுழலும்போது பெயரைப் படிக்க இயலாது என்பது வேறு செய்தி.

இப்பயணங்களில் நம்மை மிகவும் கவர்வது கட்டட வேலை அன்று, இரவுத் தங்கல். மாலையில் வியர்வையோடும் புழுதியோடும் முப்பது பேர் முன்பின் அறியாத ஊரில் வந்து நிற்கின்றனர். அவ்வூர்க் கோவிலைச் சேர்ந்த பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் உணவு கொண்டு வருகின்றனர். எவரோ ஒருவர் குளிக்க இடம் காட்டுகிறார். விருந்தினரைக் கிறித்துவாகவே ஏற்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் தம் துறவியர்க்கு ஒழுங்கு எழுதினார். அவ்வொழுங்கு பெரும்பாலும் விருந்தளிப்பவரின் புண்ணியமாகவே பேசப்பட்டது. விருந்தினராய் இருப்பதும் ஒரு பயிற்சியே. கேட்டுப் பெறவும், கொடுத்ததை உண்ணவும், காட்டிய மூலையில் படுக்கவும், காலையில் நன்றி சொல்லிக் கிளம்பவும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் எங்கே கற்பார்கள்? அறுபது, எழுபது இரவுகள் தொடர்ந்து பிறர் கூரையின் கீழ் உறங்கியவனுக்குக் கூரை என்ற சொல்லின் பொருள் சற்றே மாறியிருக்கும்.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. வீட்டை விட்டு வந்திருப்பது வேறு, வீடில்லாதிருப்பது வேறு. அம்மாணவனுக்குப் பயணத்தின் முடிவு நாள் தெரியும். அவன் அறையில் அவன் படுக்கை விரித்தபடி இருக்கிறது. வாடகை கட்ட இயலாமல் வெளியேற்றப்பட்டு, உந்துவண்டிக்குள் பிள்ளைகளோடு உறங்கும் தாய்க்கு அந்த நாள் தெரியாது. தரையில் படுத்ததால் ஏழ்மையை அறிந்துகொண்டேன் என்று எவராவது எழுதினால் நாம் அதை நம்பமாட்டோம்.

இடரும் உண்டு. நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகளுக்கு நடுவே மிதிவண்டி எளிய இலக்கு. 2015-இல் ஒக்லகோமாவில் இத்தகைய குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வண்டி மோதி உயிரிழந்தார். நிதி திரட்ட உயிரைப் பணயம் வைக்கலாமா என்று பெற்றோர் கேட்டால், வீரம் என்ற சொல்லைக் காட்டி அவர்கள் வாயை அடைப்பது முறையன்று. விவேகமும் தலையாய நற்பண்புகளுள் ஒன்றே.

இவை அனைத்திற்கும் மேலாக நீதியின் கேள்வி நிற்கிறது. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குச் செலவிட நேர்ந்தால் அக்குடும்பத்திற்கு அது சுமை என்பது அமெரிக்காவில் வழங்கும் அளவுகோல். அச்சுமை வந்ததற்குக் காரணம் சுத்தியல் பற்றாக்குறை அன்று. நகரங்களின் பெரும் பகுதிகளில் தனி வீடு தவிர வேறு எதையும் கட்டக்கூடாது என்ற விதிகளும், கூலியை விஞ்சி ஏறிய நிலவிலையுமே முதன்மையான காரணங்கள். ஒரிகன் மாநிலம் 2019-இல் அவ்விதிகளைச் சட்டத்தால் தளர்த்தியது. அச்சட்டம் வீட்டு நெருக்கடியில் தொட்ட இடத்தை எந்தத் தூரிகையும் தொட இயலாது. தொழிலாளி சிக்கனமாய்ச் சேமித்துச் சிறிது உடைமை பெறும் அளவுக்கு ஊதியம் வேண்டும் என்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே சொன்னார். நீதியாய்க் கொடுக்க வேண்டிய கடனை அன்பளிப்பாய்க் கொடுத்துப் பெயர் வாங்குவதைத் திருச்சபையின் சமூகப் போதனை ஏற்பதில்லை. பயண மாலைகளில் ஊராரிடம் வீட்டு நெருக்கடியைப் பற்றி இவ்விளைஞர் எடுத்துரைப்பது வழக்கம். சுத்தியல் அடித்ததை விட அந்த அரைமணி நேரப் பேச்சு நெடிய பயன் தரலாம் என்பது நம் கருத்து.

திரும்பி வருதல் என்பதற்கு ஒரு சான்று சொல்வோம். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1984-இல் நியூயார்க்கில் ஒரு வார காலம் ஹாபிடேட் வேலைக்குச் சென்றார். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஆண்டுக்கு ஒரு வாரம் என்று துணைவியாரோடு சென்றுகொண்டே இருந்தார்; 2006-இல் நம் நாட்டின் லோனாவாலா அருகிலும் செங்கல் அடுக்கினார். 2019-இல், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் தையல் போட்ட நிலையில், வீங்கிய கண்ணோடு நாஷ்வில் நகரத்து வேலையிடத்திற்குப் போய் நின்றார். 2024-இல், நூறாம் வயதில், காலமானார். ஒரு வாரத் தொண்டு என்று இல்லிச் அவரைக் கடிந்திருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அண்மையில் நம் பங்கின் இளைஞர் இயக்கத்தார் சிலர் வந்து, இத்தகைய மிதிவண்டிப் பயணம் ஒன்றை நாமும் நடத்தினால் என்ன, சாமி, என்று கேட்டனர். வழித்தடம் வரைந்து வைத்திருந்தனர். மேலாடைக்கு நிறமும் தேர்ந்துவிட்டனர். போகும் ஊர்களில் உங்கள் விடுதிக்காரர் யார் என்று கேட்டோம். சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இப்போது ஞாயிறுதோறும் இருவர் இருவராய்ப் பேருந்தில் அவ்வூர்களுக்குப் போய் விசாரித்து வருகின்றனர். மிதிவண்டி இன்னும் எடுக்கவில்லை.