‘குடுத்துருங்கண்ணே’

பெக்கோக் என்றால் மலேசியாவிலேயே பலருக்குச் சட்டென்று பிடிபடாது. ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டம். தெற்கே போகும் ரயில் பாதையில் லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவில் இருக்கிறது. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் பக்கம் போகிறவர்கள் கடந்து போகும் ஊர். ரயில் நிலையம், கொஞ்சம் கடைகள், அதைத் தாண்டினால் செம்பனை. அந்தப் பக்கத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் பாய்லர் பராமரிப்பு வேலைக்காக விருதுநகரிலிருந்து போய் இரண்டு வருடம் இருந்தேன்.

2018 நவம்பர். மழைக்காலம். இரவு ஒன்பதரை இருக்கும். நானும் ஓர் அண்ணனும் நடந்து வந்துகொண்டிருந்தோம். அவர் முதுகுளத்தூர்ப் பக்கம். சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் போடும் மாஸ்டர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அன்று சம்பள நாள். இடுப்புப் பையில் 1,400 வெள்ளி வைத்திருந்தார். மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. மறுநாள் காலை ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம்.

மோட்டார் சைக்கிள் ஒன்று எங்களைக் கடந்து போய்த் திரும்பி வந்தது. பின்னால் இருந்தவன் இறங்கினான். கையில் பாராங். செம்பனைத் தோட்டத்தில் புதர் வெட்டுகிற அதே கத்தி. “டூயிட், செப்பாட்” என்றான். பணம், சீக்கிரம். என் பர்ஸில் அறுபது வெள்ளி இருந்தது. அதையும் போனையும் நீட்டினேன். வாங்கிக்கொண்டான். பிறகு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் இரண்டு கையாலும் இடுப்புப் பையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது நான் கத்தினேன். “குடுத்துருங்கண்ணே! குடுத்துருங்க!”

அவர் கொடுக்கவில்லை. இழுபறி பத்து நொடிகூட இருக்காது. முன்னங்கையில் வெட்டு விழுந்தது. பை போனது. மோட்டார் சைக்கிள் போனது. நான் நாலடி தள்ளி, கையில் ஒரு நீளக் குடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

*

அடுத்த ஒரு வாரம் யாரிடம் சொன்னாலும் முதலில் வந்த கேள்வி “எந்த இனம்?” ஹெல்மெட் போட்டிருந்தான், முகம் தெரியவில்லை, பேசியது மலாய். மலேசியாவில் மலாய் பேசாதவர் யார்? ஆனாலும் கேட்டவர்கள் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருந்தது. கேட்டவர் யாரோ அவருக்கு ஏற்றபடி அது மாறியது, அவ்வளவுதான்.

இரண்டாவதாக வந்தது பாராட்டு. “நீ செஞ்சதுதான் புத்திசாலித்தனம். உயிர் முக்கியம். பணம் இன்னிக்குப் போகும், நாளைக்கு வரும்.” அண்ணனுக்குக் கிடைத்தது திட்டு. “பைத்தியக்காரன். ஆயிரத்து நானூறு வெள்ளிக்கு உயிர விடுவானா?”

இந்த இரண்டையும் அப்போது நான் ஏற்றுக்கொண்டேன். இன்றும் முழுக்க மறுக்கவில்லை. ஆயுதம் வைத்திருப்பவனிடம் மல்லுக்கு நிற்காதீர்கள் என்றுதான் எந்த ஊர் போலீஸும் சொல்லும். அது சரியான அறிவுரை. என் உறுத்தல் வேறு இடத்தில் இருக்கிறது. என் பணத்தை நான் கொடுத்தது ஒரு செயல். அவர் பணத்தைக் கொடுக்கச் சொல்லி நான் கத்தியது இன்னொரு செயல். இரண்டும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

மெக்காலேயைத் தமிழ்நாட்டில் நாம் திட்டுவது பெரும்பாலும் கல்விக்காக. அதே மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம்தான் 1837இல் இந்தியக் குற்றவியல் சட்டத்தின் முதல் வரைவையும் எழுதி முடித்தது. 1860இல் அது சட்டமானது. 1871இல் சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. இன்றைய மலேசியக் குற்றவியல் சட்டமும் அந்த வழிதான். தற்காப்பு உரிமையைச் சொல்லும் பிரிவுகளின் எண்கள்கூட இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருந்தன: 96 முதல் 106 வரை. இந்தியாவில் 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்த பிறகுதான் அவை 34 முதல் 44 வரை என்று மாறின.

அந்த வரைவோடு ஆணையம் சேர்த்த விளக்கக் குறிப்பு ஒன்று உண்டு. தற்காப்பு உரிமையை ஏன் இவ்வளவு தாராளமாக வைத்தோம் என்று அதில் சொல்கிறார்கள். இந்த நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டத்திடம் காட்டும் பொறுமை மனம் தளரவைக்கிறது. இவர்களுக்கு எதிர்த்து நிற்கும் துணிவை ஊட்ட வேண்டுமே தவிர, எதிர்ப்பதற்குக் கட்டுப்பாடுகளைப் பெருக்கக் கூடாது. சாரம் இதுதான். கம்பெனி ஆட்சியில் உட்கார்ந்துகொண்டு, இந்தியர்கள் கொள்ளைக்காரர்களிடம் ரொம்பப் பணிந்து போகிறார்கள் என்று எழுதியதில் உள்ள வேடிக்கை தனி.

வேடிக்கையை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பார்க்கலாம். 97ஆம் பிரிவு, தன் உடலை மட்டுமல்ல, வேறு யாருடைய உடலையும் காக்கும் உரிமையைத் தருகிறது. பொருளுக்கும் அப்படியே: தன்னுடையதோ பிறருடையதோ. 103ஆம் பிரிவு வழிப்பறியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, எல்லைக்கு உட்பட்டு, எதிரியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும் என்கிறது. அந்த எல்லையைச் சொல்வது 99ஆம் பிரிவு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமையே இல்லை.

அந்த இரவில் எனக்கும் அண்ணனுக்கும் அவகாசம் இல்லை என்பது பொது. ஆனால் மறுநாள் காலையில் எனக்கு அவகாசம் இருந்தது, அவருக்கு இல்லை. அவருடைய பெர்மிட் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. புதுப்பித்துத் தருகிறேன் என்று பணம் வாங்கிய ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. அனுமதி முடிந்தும் தங்கியிருப்பவருக்குக் குடிநுழைவுச் சட்டத்தில் காத்திருப்பது 10,000 வெள்ளிக் கணக்கில் அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை. போலீஸ் நிலையத்துக்குள் புகார் கொடுக்கப் போகிற அவர் கைதியாகத்தான் வெளியே வருவார். இது கொள்ளைக்காரனுக்கும் தெரியும். வெளிநாட்டுத் தொழிலாளியைச் சம்பள நாளில் குறிவைப்பதன் கணக்கே அதுதான்.

இப்போது அந்தப் “பைத்தியக்காரத்தனத்தை” மறுபடி பார்க்கிறேன். பணம் போனால் நாளைக்கு வரும் என்பது எனக்கு உண்மை. கம்பெனி இருந்தது, பெர்மிட் இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது. ‘பாதுகாப்பை நாடும் அவகாசம்’ அவர் வாழ்க்கையில் எப்போதுமே கிடையாது. போனால் போனதுதான் என்று தெரிந்த ஒருவரிடம் மிச்சமிருந்தது இரண்டு கை. அவற்றால் பையைப் பிடித்துக்கொண்டார். அது அறிவீனம் இல்லை. தன் நிலைமையை என்னைவிடச் சரியாகக் கணக்குப் போட்டவர் செய்தது.

*

வன்முறையை எதிர்ப்பவன் என்று என்னைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. காந்தியைத் துணைக்கு அழைக்கலாம். 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் எழுதிய ‘இந்திய சுயராஜ்யம்’ நூலில் ஆயுதம் ஏந்திய திருடன் வருகிறான். அவனைத் துரத்தி, ஊரைத் திரட்டி, பகையைப் பெருக்குவதைவிட, கதவைத் திறந்து வைத்து அவன் மனம் மாற இடம் கொடுப்பதைப் பற்றிக் காந்தி யோசிக்கிறார். எனக்குப் பிடித்த பகுதி. ஆனால் அந்த உதாரணத்தில் வீடு திருட்டுக் கொடுத்தவனுடையது, பொருளும் அவனுடையது. பெக்கோக் தெருவில் திறந்து வைக்கச் சொல்லி நான் கத்தியது இன்னொருவரின் கதவை.

இந்த வேறுபாடு காந்திக்கே வாழ்க்கையில் நேர்ந்தது. அதுவும் வெளிநாட்டில், நடுத்தெருவில். 1908 பிப்ரவரி 10, ஜோஹன்னஸ்பர்க். பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மீர் ஆலம் என்பவரும் கூட்டாளிகளும் அவரைத் தாக்கினார்கள். அது வழிப்பறி இல்லை, அரசியல் கோபம். கூட இருந்தவர்களில் ஒருவர் தம்பி நாயுடு, மொரீஷியஸில் பிறந்த தமிழ் பேசும் வணிகர். அவரும் அடிகளை வாங்கினார். நினைவு திரும்பியதும் காந்தி, தாக்கியவர்களை விட்டுவிடச் சொன்னார். அவர்மேல் விழுந்த அடி, அவர் மன்னிக்கலாம். ஆனால் நகரத்து வெள்ளையர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நடந்தது பொதுத்தெருவில், இது காந்தியின் சொந்த விஷயம் அல்ல, பொதுக்குற்றம் என்றார்கள். மீர் ஆலம் சிறைக்குப் போனார். அந்த வெள்ளையர்களின் நோக்கம் என்னவாக இருந்தாலும், அந்த வாதத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. தெருவில் விழும் அடியில் பங்கு எல்லோருக்கும் உண்டு.

இதன் தொடர்ச்சி 1920 ஆகஸ்டில் ‘யங் இந்தியா’வில் வருகிறது. ‘வாளின் கோட்பாடு’ என்று தமிழில் சொல்லலாம் அந்தக் கட்டுரையை. மூத்த மகன் காந்தியிடம் கேட்டாராம்: 1908இல் உங்களை அடித்தபோது நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போயிருக்க வேண்டுமா, பலத்தைப் பயன்படுத்திக் காப்பாற்றியிருக்க வேண்டுமா? காந்தியின் பதில், வன்முறையைப் பயன்படுத்தியாவது என்னைக் காப்பது உன் கடமை என்பது. கோழைத்தனமா வன்முறையா என்ற இரண்டில் ஒன்றுதான் என்றால் வன்முறையைத்தான் சொல்வேன் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார்.

தன்னைத் தாக்கியவரை விடச் சொன்ன அதே மனிதர், அருகில் நிற்கக்கூடிய மகனுக்கு வேறு விதி வைக்கிறார். இது முரண்பாடு என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அடிபட்டவன் பொறுத்துக்கொள்வது அறமாகலாம். பக்கத்தில் நிற்பவன் அவன் சார்பில் பொறுத்துக்கொள்ள முடியாது. சட்டம் ‘உரிமை’ என்று நிறுத்திக்கொள்ளும் இடத்தில் காந்தி ‘கடமை’ என்கிறார்.

*

நண்பன் ஒருவனிடம் இதையெல்லாம் சொன்னேன். “லூசாடா நீ? குறுக்க போயிருந்தா ரெண்டு பேரும் செத்திருப்பீங்க. காந்தி வந்து பாய்லர் பாப்பாரா?” என்றான். நியாயம்தான். குடையோடு பாராங்கை எதிர்த்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்கும் என்றும் சொல்லவில்லை.

ஆனால் அண்ணன் சொன்ன ஒன்று இருக்கிறது. தையல் போட்டு மூன்று நாள் கழித்து, ரொட்டி போட முடியாமல் அறையில் படுத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ உளறினேன். கோபமில்லாமல்தான் சொன்னார்.

“நீ சொன்னது தப்பில்ல தம்பி. எல்லாரும் அதத்தான் சொல்லுவாக. ஆனா எங்கிட்ட ‘குடுத்துரு’ன்னு அத்தன தடவ கத்துனியே, அவங்கிட்ட ஒரு தடவ ‘விட்ரு’ன்னு சொல்லிப் பாத்திருக்கலாம்ல?”

எனக்குப் பதில் இல்லை. கத்தி வைத்திருந்தவனிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் குரல் முழுக்கப் போனது வெட்டுப்படப் போகிறவரை நோக்கி. சண்டை போடுவதற்கும் சும்மா நிற்பதற்கும் நடுவில் நிறைய இருந்தன. அவன் மொழியில் கெஞ்சியிருக்கலாம். கூச்சல் போட்டிருக்கலாம். இரண்டு அடி நகர்ந்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். நான் எடுத்தது, கொள்ளைக்காரன் சொன்னதையே தமிழில் திருப்பிச் சொல்லும் வேலை.

இது தெருவோடு நிற்பதில்லை. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் “நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்கிறோம். சம்பளம் பிடித்தம் செய்யப்பட்டவனிடம் “விட்டுத் தள்ளு” என்கிறோம். அறிவுரை எப்போதும் இழப்பவரைத் தேடித்தான் போகிறது. காரணம் எளிது: அவர் நம்மை வெட்ட மாட்டார்.

*

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அன்றிரவு கிளினிக்கில் “தகரம் கிழிச்சிருச்சுன்னு சொல்லு தம்பி” என்றார் அண்ணன். மலாயில் அந்தப் பொய்யைச் சொன்னது நான். பதினொரு தையல். மறுநாள் நான் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தேன். கம்பெனி போன் என்பதால் கொடுத்தே ஆக வேண்டும். “தனியாகவா வந்தீர்கள்?” என்று கேட்டார்கள். “ஆமாம்” என்றேன். அவரும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

அந்த ரிப்போர்ட்டின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு போனும் அறுபது வெள்ளியும் தொலைந்திருக்கின்றன. யாருக்கும் காயமில்லை. ஆயிரத்து நானூறு வெள்ளி என்று எதுவும் இல்லை. அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்பது உண்மை. அந்தத் தெருவில் அவர் இருந்ததற்கான ஒரே சாட்சியை நானே அழித்தேன் என்பதும் உண்மை.

2019இல் மலேசிய அரசு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒரு திட்டம் வைத்திருந்தது. அனுமதியில்லாமல் இருப்பவர்கள் 700 வெள்ளி அபராதம் கட்டி, டிக்கெட்டோடு வந்தால் ஊர் திரும்பலாம். அண்ணன் அதில்தான் போனார். இப்போது முதுகுளத்தூரில் டீக்கடையில் புரோட்டா போடுகிறார். மழைக்கு அந்தக் கை இழுக்கிறது என்பார்.

“இன்னொருவரும் இருந்தார், அவர் கையில் வெட்டு விழுந்தது, அவர் யாரென்று எனக்குத் தெரியாது.” இப்படி ஒரு வரியை அந்த ரிப்போர்ட்டில் சேர்த்திருக்கலாம். அதுவும் பொய்தான். விசாரணை நீண்டிருந்தால் அதுவும் அவர் வாசலுக்கு வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யில் வெட்டு இருந்திருக்கும். அப்படி ஒரு வரி எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே பல வருடம் ஆனது. கையில் கத்தியோடு யாரும் என் எதிரே நிற்காத, ஃபேன் ஓடிக்கொண்டிருந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்துதான் நான் “ஆமாம், தனியாகத்தான்” என்று சொன்னேன்.