மறுபடியும் கைக்கு வந்த பட்டை



வீட்டில் அம்மா வருடம் முழுக்கச் சமைக்கிறார். சமையல் சரியாக அமைந்த நாள்களில் நாம் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறோம். ஒருநாள் குழம்பில் உப்புக் கூடிவிட்டால்தான் நம் குரல் அடுப்படிவரை போகிறது.

கால்பந்தில் தடுப்பாட்டக்காரரின் பாடும் இதுதான். விழாமல் போன கோலை யார் எண்ணுகிறார்கள்? விழுந்த கோலுக்கு மட்டும் நிமிடம் தவறாமல் கணக்கு இருக்கும். பிரசங்க மேடைக்குப் பந்தைக் கொண்டு வந்ததற்குப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இளைஞர்கள் இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்!

குவாதலூப்பே அன்னையின் நாடான மெக்சிகோவில், மிச்சோவகான் மாநிலத்துச் சமோராவில் 1979-ல் பிறந்தவர் ரஃபேல் மார்க்கெஸ். 17 வயதில் அட்லஸ் அணிக்காகக் களமிறங்கினார். பிறகு மொனாக்கோ, அதன்பின் பார்சலோனா. அங்கே ஏழு ஆண்டுகளில் நான்கு லீக் பட்டங்கள் வென்றார். 2006-ல் பாரீஸில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் தூக்கினார். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவில் வருவது அந்தக் கோப்பையல்ல, வேறு இரண்டு ஆட்டங்கள்.

2002 ஜூன் 17, தென் கொரியாவின் ஜியோன்ஜு நகரம். உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் மெக்சிகோ இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தது. கேப்டன் மார்க்கெஸுக்கு வயது 23. 88ஆவது நிமிடத்தில் பந்து உயரத்தில் வருகிறது. மார்க்கெஸ் பந்தை விட்டுவிட்டு எதிரணியின் கோபி ஜோன்ஸ் மீது தலையாலும் காலாலும் மோதுகிறார். சிவப்பு அட்டை. பந்துக்காக அல்ல, கோபத்தில் பாய்ந்த பாய்ச்சல் அது. பார்த்தவர் எவருக்கும் சந்தேகம் வராது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பிரேசிலின் ஃபோர்த்தலேசாவில் நெதர்லாந்துக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டம். மெக்சிகோ முன்னிலையில் இருந்தது. 88ஆவது நிமிடத்தில் கோல் விழுந்து சமமானது. ஆட்ட முடிவில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் நெதர்லாந்தின் ராபென் உள்ளே பாய, மார்க்கெஸ் காலை நீட்டினார், ராபென் விழுந்தார். பெனால்டி, தோல்வி. அது பெனால்டியே இல்லை என்று மெக்சிகோ மக்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நாமும் நம் பாவங்களைப் பற்றி இப்படித்தானே வாதாடிக்கொண்டிருக்கிறோம்? அவர் தானாக விழுந்தார், நான் தொடவே இல்லை என்று.

அன்பானவர்களே, உங்கள் 88ஆவது நிமிடம் எது? அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்த அன்று வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லா? மகனை வீட்டைவிட்டுப் போகச் சொன்ன இரவா? பல ஆண்டு உழைத்துக் காத்த குடும்பத்தை ஒரே கோபத்தில் உடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே சுமந்துகொண்டிருக்கிறீர்களா?

பேதுருவை நினைத்துப் பாருங்கள். தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பருகே குளிர்காய்ந்தபடி மூன்று முறை ஆண்டவரை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் அவருக்காகக் காத்திருந்தபோது அங்கேயும் கரி நெருப்பு. அந்த வாசனையே பேதுருவின் நெஞ்சைக் கிழித்திருக்கும். ஆனால் இயேசு அந்த இரவுக்கு விளக்கம் கேட்கவில்லை. அன்பு உண்டா என்று கேட்டார், ஆடுகளை அவர் கையில் ஒப்படைத்தார். மன்னித்ததோடு நிறுத்தாமல் பொறுப்பையும் தந்தார்.

ஜியோன்ஜுவில் அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்து நின்ற மெக்சிகோ பயிற்சியாளர் ஹாவியர் அகீரே. 2010-ல் மெக்சிகோவை மறுபடி உலகக் கோப்பைக்கு அழைத்துப் போனவரும் அவரே. அப்போதும் கேப்டன் மார்க்கெஸ்தான். 2024-ல் அகீரே மூன்றாம் முறை பொறுப்பேற்றபோது துணைப் பயிற்சியாளராக அருகில் நிறுத்திக்கொண்டதும் அவரைத்தான். அகீரேயைப் புனிதராக்க நான் வரவில்லை, திறமை தெரிந்த பயிற்சியாளர் அவர். ஆனாலும் ஒரு மனிதரால் இவ்வளவு முடியுமென்றால், நம் ஆண்டவரால் எவ்வளவு முடியும்!

2018 ஜூன் 17, மாஸ்கோ. சிவப்பு அட்டை வாங்கிய அதே தேதி. நடப்புச் சாம்பியன் ஜெர்மனிக்கு எதிராக மெக்சிகோ ஒரு கோல் முன்னிலை. கடைசிப் பகுதியில் கேப்டன் குவார்தாதோ வெளியேற, 39 வயது மார்க்கெஸ் மாற்று வீரராக உள்ளே வந்தார். கேப்டனின் கைப்பட்டை அவர் கைக்கு மாறியது. ஆடவர் உலகக் கோப்பைகள் ஐந்தில் கேப்டனாக நின்ற முதல் மனிதர் ஆனார். அந்த முன்னிலை கடைசிவரை நின்றது.

உங்கள் வீட்டில் யாருடைய 88ஆவது நிமிடத்தையாவது நீங்கள் கணக்கில் வைத்திருந்தால், இன்று திருப்பலி முடிந்து போனதும் அவரிடம் ஒரு சின்னப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். சாவிக்கொத்தாக இருக்கலாம், கடைக்கணக்காக இருக்கலாம். உங்களுடைய நிமிடத்தைச் சுமப்பவர்கள் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் கடைசி ஆள் வரும்வரை கோயிலில்தான் இருப்பேன்.