விலகிப்போன விளக்கு

பாஸ்டன் நகர அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த அதுல் கவாண்டேக்கு 8 ஆண்டு அனுபவம், நல்ல பெயர். ஆனாலும் தன் திறமை ஒரே இடத்தில் நின்றுவிட்டதாகத் தோன்றியது. ஓய்வுபெற்ற தன் ஆசிரியர் ராபர்ட் ஆஸ்டீனை அறுவை அரங்குக்கே அழைத்துக் கவனிக்கச் சொன்னார்.

தைராய்டு அறுவை நன்றாகவே முடிந்தது. பேசாமல் கவனித்திருந்த ஆஸ்டீன் குறிப்பேட்டைத் திறந்தார். கவாண்டேயின் முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. அப்போது கையின் நிதானம் குறையும். மேலிருந்த விளக்கு காயத்தை விட்டு நகர்ந்து அரை மணி நேரம் ஆகியும் கவாண்டேக்கு அது தெரியவில்லை! யோசித்துத் திருத்திக்கொள்ள அந்த 20 நிமிடப் பேச்சில் கிடைத்தது முந்தைய 5 ஆண்டுகளில் கிடைத்ததைவிட அதிகம் என்று 2011-இல் நியூயார்க்கர் இதழில் கவாண்டே எழுதினார்.

அலுவலகத்திலும் இப்படித்தான்: பதவி உயர உயர, நம் முகத்துக்கு நேரே குறை சொல்பவர்கள் குறைந்துபோகிறார்கள். தலைமைப் பண்புப் பயிற்சியாளரை அமர்த்துவதென்றால், தனியறையில் பேசி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் நடத்தும் கூட்டத்தில், ஓரமாக அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.